நாய்க்குட்டி வெளியே கண்டதையெல்லாம் வாயில் போடுகிறது, என்ன செய்வது?

சிப்புட் பையன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு எங்களுடையது. டைகர் என்று ஒரு குட்டி, நாலரை மாதம், நாட்டு நாய்தான். வீட்டுக்குள் தங்கம். கயிற்றோடு வாசலைத் தாண்டினால் மட்டும் மூக்கு தரையை விட்டு எழாது. நேற்று சாயந்திரம் ஒரே நடையில் எண்ணினேன்: செம்பனை (எண்ணெய்ப்பனை) உதிரிப்பழம் இரண்டு, ரம்புத்தான் கொட்டை, சிகரெட் துண்டு, கோயில் வாசலில் கிடந்த சிரட்டை. கடைசியாக பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, போட்ட இடத்தில் இறைச்சி கோர்த்துச் சுடுகிற ஒரு சாத்தே குச்சி. அதைக் கடவாயில் வைத்துக் கடித்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. பிடுங்கப் போனால் ஓடுகிறான். வாயைத் திறக்கப் பார்த்தால் அவசரமாக விழுங்குகிறான். கத்தினால் விளையாடக் கூப்பிடுகிறேன் என்று வாலை ஆட்டுகிறான். அப்பா, "கட்டிப் போட்டால் தானாகச் சரியாகும்" என்கிறார். வேறு வழி இருக்கிறதா?

பழைய லயம்:
தம்பி, நாலரை மாதம் என்றால் பல் விழுகிற வயது. பால் பல் 28 விழுந்து 42 பல் முளைக்க வேண்டும். ஏழு மாதத்துக்குள் முடிந்துவிடும், அதுவரை ஈறு நமநமவென்றுதான் இருக்கும். குட் மார்னிங் பருத்தித் துண்டு பழசு ஒன்றை நனைத்து முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுங்கள், பக்கத்திலேயே இருந்து. நூல் பிரிந்ததும் வாங்கிவிடுங்கள். எங்கள் குட்டி அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டும்.

ரோட்டோரம்:
இதற்கெல்லாம் இவ்வளவு யோசிப்பதா? மூக்கில் ஒரு தட்டு, இரண்டு நாளில் அடங்கும். அந்தக் காலத்தில் அப்படித்தான் வளர்த்தோம்.

ஈப்போ அக்கா:
அண்ணே, மன்னிக்கணும், அதைச் செய்து கெட்டவள் நான். எங்கள் முதல் நாயைத் தட்டித் தட்டித்தான் வளர்த்தேன். எடுப்பதை அது விடவில்லை, எடுத்ததும் கட்டிலுக்கடியில் போய் உறுமப் பழகியது. ஒரு நாள் என் கொழுந்தன் கையில் பல் பதிந்தது. தம்பி, டைகர் விழுங்குவதும் இதே பயத்தில்தான். நீங்கள் பிடுங்குவதற்குள் தின்றுவிட வேண்டும் என்ற கணக்கு.

பண்டமாற்று செய்து பாருங்கள். உப்பில்லாமல் அவித்த கோழியை விரல் நகம் அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் அவனுக்குப் பெரிய ஆசையில்லாத ஒரு பொருளை வாயில் பிடிக்க விட்டு, கோழியை மூக்கருகே காட்டுங்கள். வாய் திறக்கிற அந்த நொடியில் "விடு" என்று ஒரே தடவை. கோழி கொடுத்துவிட்டு, முடிந்தால் அதே பொருளையும் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் நஷ்டமில்லை என்பது அவனுக்குப் புரிய வேண்டும். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு கோழியைக் காட்டாமலே "விடு" சொல்லலாம். ஆனால் விட்டதும் கூலி கையில் வந்தாக வேண்டும்.

அடுத்தது, எடுப்பதற்கு முன்பே நிறுத்துவது. மூடிய கையில் பிஸ்கட் வைத்து நீட்டுங்கள். நக்குவான், சுரண்டுவான், கையைத் திறக்காதீர்கள். மூக்கை விலக்கியதும் "பரவாயில்லை" மாதிரி ஒரு சொல், அடுத்த கையிலிருந்து கோழி. அப்புறம் பிஸ்கட்டைத் தரையில் வைத்துக் காலால் மூடி இதே விளையாட்டு. பிறகு வாசல், அதற்குப் பிறகுதான் சாலை. அவசரப்பட்டு முதல் நாளே பசார் மாலாம் இடத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள், அது பரீட்சை ஹால்.

மட்டை வெட்டி:
பயிற்சி இருக்கட்டும், முதலில் ஆபத்தைச் சொல்கிறேன். இருபது வருடம் செம்பனையில் வேலை செய்தவன். மரத்தடியில் எலி மருந்து வைப்பார்கள், மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும். பலது இரத்தம் உறைவதைத் தடுக்கிற வகை. தின்ற அன்று நாய் நன்றாகவே ஓடியாடும். மூன்று நாலு நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சோர்வு வரும், மூக்கில் இரத்தம் வரும். தின்றதைப் பார்த்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், உறை கிடைத்தால் கையோடு. வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். தோட்டத்தில் எந்தப் பகுதியில் எப்போது வைத்தார்கள் என்று மண்டோரை, அதாவது மேற்பார்வையாளரை, கேட்டால் சொல்வார்.

பாராகுவாட் களைக்கொல்லிக்கு இங்கே 2020லிருந்து தடை, சரி. ஆனால் வேறு களைக்கொல்லி அடிக்கிறார்களே, அடித்த வரிசையில் நடத்தாதீர்கள். மழைக்குப் பிறகு தேரை. கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் கழுவி, ஈறை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்ப வேண்டியதுதான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம், அந்த உப்பே கொல்லும்.

சிப்புட் பையன்:
சாத்தே குச்சி பாதிதான் கையில் வந்தது. மீதி உள்ளே போயிருக்குமோ?

ஈப்போ அக்கா:
அட, இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! வாந்தி வர எதுவும் கொடுக்காதீர்கள், குச்சி திரும்பி வரும்போது குத்தும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், அவன் நன்றாகத் தின்றாலும் சரி.

சிப்புட் பையன்:
காட்டியாயிற்று. மேலண்ணத்தில் இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு நடுவே குறுக்காகச் சிக்கியிருந்தது, இடுக்கியால் எடுத்தார்கள். முழு நேரமும் அப்பாதான் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா." கட்டிப் போடச் சொன்ன அதே அப்பா.

சிப்புட் பையன் (மூன்று வாரம் கழித்து):
"விடு" வேலை செய்கிறது. ஆனால் புதுத் தொல்லை. பையன் வியாபாரி ஆகிவிட்டான். கோழி வேண்டுமென்றால் சிரட்டையைத் தேடிப் பிடித்து என் காலடியில் போட்டு, முகத்தைப் பார்க்கிறான். நேற்று அம்மாவின் சிலிப்பர் வந்தது. ஒற்றைக் கால்.

ஈப்போ அக்கா:
ஹாஹா, எல்லாரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூலியை மாற்றுங்கள். எடுத்து வந்து விட்டால் தலையைத் தடவி ஒரு "சபாஷ்", நாலைந்து தடவைக்கு ஒரு முறை மட்டும் சின்னத் துண்டு. ஆபத்தான பொருளை விட்டால் மட்டும் எப்போதும் கோழி, அதில் கஞ்சம் கூடாது. ஒன்றைப் பார்த்து, எடுக்காமல் உங்களைத் திரும்பிப் பார்த்தானே, அதற்குத்தான் பெரிய துண்டு, அதுவும் உடனே. சிலிப்பரை உயரத்தில் வையுங்கள்.

பழைய லயம்:
எலி மருந்து வைக்கிற வாரத்தில் கூடை மாதிரி வாய்ப்பூட்டு போடலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க இடம் இருக்க வேண்டும். வெயிலில் துணிப்பூட்டு வேண்டவே வேண்டாம்.

சிப்புட் பையன்:
சரி அண்ணே. இன்று காலை கோயில் வாசலில் சிரட்டை கிடந்தது. நின்றான், மூக்கை நீட்டினான், என்னைப் பார்த்தான். கோழி பொட்டலத்தை வீட்டிலேயே மறந்திருந்தேன். சட்டைப் பையில் பாதி இட்லிதான் இருந்தது, அதைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.