‘டிடென்ஷன் பாண்ட்’, ‘ரிட்டென்ஷன் பாண்ட்’: தமிழில் எப்படிப் பிரிப்பது?

> இரண்டுக்கும் ‘மழைநீர்த் தேக்கக் குளம்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா, பராமரிப்பே தடம்மாறிவிடும். டிடென்ஷன் பாண்ட், கூரையிலும் சாலையிலும் இருந்து ஒரேயடியாகப் பாய்ந்து வரும் நீரை வாங்கி, அடியிலுள்ள சிறு துளை வழியே மெல்ல வெளியேற்றுவது. ஓரிரு நாளில் அது வறண்டுவிட வேண்டும். அடுத்த மழைக்கு இடம் காலியாக இருந்தால்தான் அதனால் பயன். ‘தேக்கம்’ என்று எழுதிவைத்தால், நீர் நிற்கவில்லையே என்று யாராவது துளையை அடைத்துவிடக் கூடும். பிறகு வெள்ளத்தை வாங்க இடமிருக்காது. நாள்கணக்கில் நீர் நின்றால் கொசுவும் பெருகும்.

ரிட்டென்ஷன் பாண்ட் நேர்மாறு. ஆண்டு முழுதும் ஒரு மட்டத்துக்கு நீர் நிற்கும். புதுநீர் அதன்மேல் ஏறி வடியும். ஓட்டம் அடங்கிய நீரில் வண்டலும், அதில் ஒட்டிய பாஸ்பரசும் உலோகங்களும் அடியில் படியும்.

முதலாவதற்கு ‘வடிகுளம்’, அடுத்ததற்கு ‘நிலைநீர்க் குளம்’ என்பது என் பரிந்துரை.

---

> ‘வடிகுளம்’

முழுச் சம்மதம். வினைத்தொகையாகவும் அழகாக நிற்கிறது: வடிந்த, வடிகின்ற, வடியும் குளம்.

‘ஃபோர்பே’க்கு ‘முன்குளம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் இடம் தெரிகிறது, வேலை தெரியவில்லை. ‘வண்டற்குழி’ என்போம். நீர் நுழையும் குழாய்வாயில் வெட்டும் குழி அது. மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 10% வைப்பது வழக்கம். குளத்துக்கும் அதற்கும் நடுவே தாழ்வான வரப்பு. பருமணலும் குப்பையும் இங்கேயே விழுந்துவிடும். அளவுக்கோல் ஒன்றை நட்டுவைத்து, பாதி ஆழம் தூர்ந்ததும் வாரிவிட வேண்டும். விட்டுவிட்டால் வண்டல் வரப்பைத் தாண்டும். குளம் முழுவதையும் தூர்வாரும் செலவு தலையில் விழும். வாரிய மண்ணில் எண்ணெயும் ஈயமும் இருக்கலாம் என்பதால், சோதிக்காமல் தோட்டத்தில் கொட்டக் கூடாது.

குளம் நிரம்பியபின் மிகுவெள்ளம் வழிந்தோடும் ‘எமர்ஜென்சி ஸ்பில்வே’க்குக் கலிங்கு இருக்க, புதுச்சொல் எதற்கு? அதன் குறுக்கே வேலியும் செடியும் வராமல் பார்த்தாலே போதும்.

---

> அடியிலுள்ள சிறு துளை

இதற்கு ‘அடிமடை’ என்று தனிமடலில் ஒரு யோசனை வந்தது. மடை என்றால் திறந்து மூடுவது. இதுவோ எப்போதும் திறந்தே இருக்க வேண்டியது. ‘வடிதுளை’ பொருந்தும், வடிகுளத்தோடு இணையாகவும் நிற்கும்.

குளம் கெடுவது பெரும்பாலும் இங்கிருந்துதான். சருகும் பிளாஸ்டிக் பையும் கம்பித் தடுப்பில் பாய்போலப் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் வாரிவிட வேண்டும். மூன்றாம் நாளும் நீர் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது வடிதுளையைத்தான்.

இச்சொற்களுக்கு எழுதும் விளக்கக் குறிப்பில் கரையையும் சேர்த்துவிடுங்கள். கரையில் முளைக்கும் மரக்கன்றை இளசிலேயே அகற்ற வேண்டும். வளர்ந்த மரம் பட்டுப்போனால், வேர் மக்கிய தடத்தில் நீர் புகுந்து மண்ணை அரிக்கும். கரையின் வெளிப்புறம் கசியும் நீர் கலங்கலாக இருந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள். அன்றே பொறியாளரை அழைக்க வேண்டும்.