கார்க்கசோன்: பழைய கோட்டையா, பழமை வேடமா?

ஊர்சுற்றி:
அடுத்த மாதம் குடும்பத்தோடு பிரான்சின் துலூஸ் நகருக்குப் போகிறோம். பக்கத்தில் ஒரு பழைய ஊரைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். நான் கார்க்கசோன் கோட்டை என்கிறேன். மைத்துனரோ, "அது பாதி புதிது" என்று முகம் சுளிக்கிறார். எங்கே போகலாம்?

கல்தச்சன்:
மைத்துனர் விவரமானவர். படங்களில் நீங்கள் மயங்கிய அந்தக் கூம்புக் கூரைகள் 1853-இல் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டுக் தொடங்கிய புனரமைப்பில் ஏறியவை. ஓடு வேய்கிற தென்பகுதியில் வடக்கத்திப் பாணியில் சிலேட்டுக் கல்லை வேய்ந்துவிட்டார். உள்ளே போனால் பொம்மை வாள் விற்கும் கடைகள்தான். கோங்க் கிராமத்துக்குப் போங்கள். அங்குள்ள தேவாலய வாசலுக்கு மேல் 12ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பம் இருக்கிறது. பழைய வண்ணம்கூட ஆங்காங்கே ஒட்டியிருக்கிறது. வெளி வளைவை உற்றுப் பாருங்கள்: விளிம்பை விரல்களால் பற்றிக்கொண்டு, மூக்கு வரை மட்டும் தலைநீட்டி, நரகத்தில் நடப்பதை வேடிக்கை பார்க்கும் சின்னஞ்சிறு முகங்கள் தெரியும்.

மதிலோரம்:
கூரையைப் பார்த்துக் கோட்டைக்கு வயது சொல்கிறார் கல்தச்சன்! வடபக்க மதிலின் அடிப்பகுதிக்குப் போய் நில்லுங்கள். சிறு கற்களின் வரிசைகளுக்கு நடுவே செங்கல் பட்டைகள் ஓடும். அது ரோமானியர் காலத்துக் கட்டுமானம். இரட்டை மதில், 52 கோபுரங்கள். பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டு வேலை. 19ஆம் நூற்றாண்டில் அரசே இதைக் கைகழுவப் பார்த்தது. வேறு கட்டடங்களுக்குக் கல் பெயர்த்துப் போனார்கள். எழுத்தாளர் மெரிமேயும் உள்ளூர்க்காரரான க்ரோ-மேர்வியேயும் போராடித்தான் மதில் தப்பியது. அப்புறம், கோங்க் தேவாலயத்தின் முகப்புக் கோபுரங்கள் எந்த நூற்றாண்டில் எழும்பின? அதே 19தான். அங்கே மட்டும் வேடமில்லையோ?

கல்தச்சன்:
கோபுரத்தைப் பார்க்கவா கோங்க் போகச் சொன்னேன்? சிற்பத்தைச் சொன்னேன். கெட்டுப்போனதைச் சீர்செய்வது வேறு. அந்த மண்ணில் வழக்கமில்லாத கூரையைக் கொண்டுவந்து கவிழ்ப்பது வேறு.

மலைப்பாதை:
இரண்டு பேரும் கோர்த் ஊரை மறந்துவிட்டீர்கள். 1222-இல் துலூஸ் பிரபு ஏழாம் ரேமோன் குன்றின்மேல் நிறுவிய ஊர். ஒரு வணிகர் மாளிகையின் முகப்பில் வேட்டைக்காரனும் நாய்களும் கல்லில் ஓடுகிறார்கள். ஏற்றம் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

மதிலோரம்:
ஊர்சுற்றி ஐயா, கையிலிருப்பது ஒரே நாள். கோங்க்குக்குத் துலூஸிலிருந்து காரில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். கார்க்கசோனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் போதும். மதிலுக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. நடுவிலுள்ள பிரபுவின் மாளிகைக்கு மட்டும் வேண்டும்.

கல்தச்சன்:
போவதென்றே முடிவானால் கடை திறக்குமுன் போய்விடுங்கள். இரண்டு மதில்களுக்கும் இடையே உள்ள நடைபாதையில் ஒரு சுற்று வாருங்கள். அண்ணாந்து மட்டும் பார்க்க வேண்டாம்!