செம்புக் கம்பிக்குத் துருவா, களிம்பா?

அன்பர்களே,
புதுச்சேரியில் படகு வேலை பழகும் பையன்களுக்குக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பழைய பாய்மரப் படகு. கேபின் விளக்கு மங்குகிறது, பல்பை மாற்றியும் பயனில்லை. ஒயரைச் சீவினால் செம்பு இழைகள் கறுத்திருக்கின்றன, நுனியில் பச்சை. திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி உப்பு ஈரம் உறைக்குள் ஏறிவிடுகிறது. வெட்டி வெட்டிப் பார்த்தாலும் பளபளக்கும் செம்பு வராது, மொத்த ஒயரையும் மாற்றணும். 12 வோல்ட்டில் ஒன்றிரண்டு வழியிலேயே தொலைந்தால் என்ன மிஞ்சும்? இதைத் ‘துரு’ என்று எழுத மனசு ஒப்பவில்லை. மாற்றிப் போடும் வெள்ளீயம் பூசிய ஒயருக்கும் சுருக்கமாக ஒரு சொல் தாருங்கள்.

மறு:
துரு இரும்புக்கு மட்டும். உலோகம் அரிபடுவதற்குப் பாடநூலில் ‘அரிமானம்’ இருக்கிறதே ஐயா, புதிதாக எதற்கு?

மறு:
அரிமானம் பரீட்சையோடு சரி. செம்புக்குக் களிம்புதான். ‘களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி’ என்பது திருமந்திரம். செம்பில் களிம்பு, உயிரில் ஆணவ மலம் என்ற அழுக்கு. ஆகவே வெள்ளீயப் பூச்சு திருவருள்!

மறு:
அண்ணா, சித்தாந்தம் இருக்கட்டும். ஒயர் முனையில் கிரீஸ் தடவச் சொல்லும் பக்கமும் கையேட்டில் வருமே? களிம்பைச் சுரண்டு, பிறகு களிம்பு தடவு என்றால் பையன் மருந்துக்கடைக்குத்தான் போவான். தவிர, பச்சைதான் களிம்பு. கறுப்புக்கு?

மறு:
பூச்சுக்குக் ‘கலாய்’ பழஞ்சொல்லே. அரபியில் கலயீ, மலாய்க் கரையிலிருந்த கலா என்ற துறையின் பெயரால் வந்தது என்பார்கள். அந்தக் கலா நம் கடாரமே என்போரும் உண்டு. ‘கலாய் ஒயர்’ என்று வைக்கலாம். கடாரத்தைப் பற்றித் தனி விவாதம் தொடங்குகிறேன்.

மறு:
தொடங்காதீர்கள். இன்றைக்குக் ‘கலாய்’ என்றால் வகுப்பே சிரிக்கும். வெறும் ‘ஈய ஒயர்’ என்றால் பற்றவைக்கிற ஈயம் என்று நினைப்பார்கள். அம்மா ரசம் வைத்த ஈயச்சொம்பு அசல் வெள்ளீயம், அதற்கே இப்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறு:
நன்றி. ‘ஈயம் பூசின ஒயர்’ என்றே போடுகிறேன். பச்சைக்குக் களிம்பு, கறுப்புக்கு ‘கறுத்த இழை’. தடவுவது கிரீஸ். நால்வர் சம்மதம்.

மறு:
ஐவரில் நால்வர். என் ஓட்டு அரிமானத்துக்கே. அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள் ஐயா.