முழங்கால் வலி குறைந்தது கீட்டோவாலா, எடை இறங்கியதாலா?

வைகைக்கரை:
வயசு 51. பள்ளிக்கூடத்துல நாள் முழுக்க நின்னு பாடம் எடுக்கிற வேலை. ரெண்டு முழங்காலும் தேய்மானம்னு எக்ஸ்ரே பார்த்துச் சொன்னாங்க, வலது கால் கொஞ்சம் கூடுதல். மாதவிடாய் நின்ன பிறகு ஏற ஆரம்பிச்ச எடை 82ல வந்து நின்னுச்சு. உயரம் 158 செ.மீ. தைலம், மாத்திரை, முட்டிக்கு உறை எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. போன சித்திரையில கீட்டோ ஆரம்பிச்சேன், மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சு கொழுப்பைக் கூட்டுற சாப்பாடு, நம்ம ஊர்ல பேலியோன்னு சொல்றாங்களே அதே வழிதான். சோறு, இட்லி, சப்பாத்தி, சர்க்கரை, கிழங்கு, பழம் எதுவும் கிடையாது. காலையில பாதாம், மதியம் காய், கீரை, பனீர், ராத்திரி முட்டையோ மீனோ. இப்ப 70 கிலோ. கைப்பிடி பிடிக்காம மாடி ஏறுறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். காலையில எந்திரிச்சதும் முட்டி மடங்காம விறைச்சு நிக்கும். அது எடை சரியா இறங்குறதுக்கு முன்னாடியே, ரெண்டாவது வாரத்துலயே போயிருச்சு. அப்ப இது சாப்பாடு செஞ்ச வேலையா, எடை செஞ்ச வேலையா? எங்க வீட்டுக்காரர் ரெண்டும் இல்ல, மனசுதான்ங்கறார்.

சோத்துமூட்டை:
அக்கா, நான் உங்க வீட்டுக்காரர் கட்சி. சும்மா சொல்லல. 2024ல வெளிவந்த ஆய்வுல, எடை குறைக்கிற செமாக்ளூடைடு ஊசியை முழங்கால் தேய்மானம் உள்ள பருமனானவங்களுக்குப் போட்டுப் பார்த்தாங்க. 407 பேர், 68 வாரம். நூற்றுக்கு இவ்வளவுன்னு போடுற வலி மதிப்பெண், மருந்து எடுத்தவங்களுக்கு சுமார் 42 குறைஞ்சது. மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டவங்களுக்கு? அங்கேயும் 27 புள்ளிக்கு மேல குறைஞ்சது. "எனக்கு ஏதோ வைத்தியம் நடக்குது"ங்கற எண்ணமும், வலி தானா ஏறி இறங்குற இயல்பும் சேர்ந்தா இவ்வளவு செய்யும். உங்க ரெண்டாவது வாரம் அதுக்குள்ள அடங்கிரும்.

எண்ணெய்ச்செக்கு:
வந்துட்டாருப்பா. நல்லா இருக்கிறேன்னு ஒருத்தங்க சொன்னா உடனே அது பிரமை! மாவுச்சத்தைக் குறைச்சதும் இன்சுலின் இறங்குது, உடம்பு கொழுப்பை எரிச்சு கீட்டோன் உண்டாக்குது. அதுல பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்னு ஒண்ணு, செல்லுக்குள்ள அழற்சியைக் கிளப்பிவிடற என்.எல்.ஆர்.பி.3ங்கற அமைப்பை அடக்குதுன்னு யேல் பல்கலைக்கழகக் குழு 2015லயே காட்டியாச்சு. முழங்கால் தேய்மானத்துக்கே தனியா ஆய்வு இருக்கு: அமெரிக்காவோட அலபாமாவுல 65லிருந்து 75 வயசுக்காரங்களுக்கு 12 வாரம் மாவுச்சத்து குறைந்த சாப்பாடு கொடுத்தாங்க, வலி குறைஞ்சது. கொழுப்பு குறைந்த சாப்பாட்டுல அந்தப் பலன் இல்ல. இதுக்கு என்ன சொல்வீங்க?

சோத்துமூட்டை:
யேல் ஆய்வு எலியிலும் செல்லிலும் நடந்தது. அலபாமாவுல மொத்தமே 21 பேர், அதையும் மூணு அணியாப் பிரிச்சாங்க. ஒரு அணிக்குப் பத்துப் பேர் தேறாது. "இருக்கலாம், இன்னும் பெருசா செஞ்சு பார்க்கணும்" என்பதைத் தாண்டி அதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. பெருசா செஞ்சதைச் சொல்லட்டுமா? ஸ்டான்ஃபோர்டுல 609 பேர், ஒரு வருஷம். கொழுப்பு குறைச்ச அணி சராசரியா 5.3 கிலோ இறங்குச்சு, மாவு குறைச்ச அணி 6 கிலோ. புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்ல. 2018ல வந்தது.

எண்ணெய்ச்செக்கு:
அது கீட்டோவே இல்ல சார். முதல்ல மாவுச்சத்தை நாளுக்கு 20 கிராமுக்கு இறக்கிட்டு அப்புறம் அவங்கவங்க இஷ்டத்துக்கு ஏத்திக்கச் சொன்னாங்க. வருஷக் கடைசியில 130 கிராம் பக்கம் சாப்பிட்டாங்க. அரைகுறை விரதம் இருந்துட்டு சாமி வரம் தரலைன்னு சொன்னா எப்படி?

சோத்துமூட்டை:
அதையேதான் நானும் சொல்றேன். ஆராய்ச்சிக்காரங்க கூடவே இருந்து வகுப்பு எடுத்தும் ஒரு வருஷத்துல 130க்கு ஏறிட்டாங்க. மாமியார், கல்யாணப் பந்தி, பொங்கல், தீபாவளி எல்லாம் உள்ள வீட்டுல 20 கிராம் எத்தனை வருஷம் நிக்கும்?

பிசியோ_கோவை:
நடுவுல வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. முழங்கால் தேய்மானத்தோட தினமும் பழகுறவன். எடைக் கணக்கை யாருமே பேசலையேங்க. உடம்புல ஒரு கிலோ இறங்கினா, நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல விழுற பாரம் நாலு கிலோ குறையும். அமெரிக்காவுல மெஸ்ஸியர் குழு அளந்து சொன்னது. அம்மா 12 கிலோ இறங்கியிருக்காங்க, அப்ப அடிக்கு 48 கிலோ. நாள் முழுக்க எத்தனை ஆயிரம் அடின்னு யோசிச்சுப் பாருங்க.

அதே குழு 454 பேரை வெச்சு 18 மாசம் பார்த்தாங்க. உணவுக் கட்டுப்பாடு மட்டும், உடற்பயிற்சி மட்டும், ரெண்டும்னு மூணு அணி. ரெண்டும் சேர்ந்தவங்களுக்குத்தான் வலி அதிகமாக் குறைஞ்சது. அங்க யாரும் கீட்டோ சாப்பிடலைங்க. அம்மா, தொடைக்கு ஏதாவது பயிற்சி செய்யறீங்களா? எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து போகும். 50க்கு மேல, அதுவும் மாதவிடாய் நின்ன பிறகு, போன தசை சுலபத்துல திரும்ப வராதுங்க.

வைகைக்கரை:
நடக்கிறேன் தம்பி. பயிற்சின்னு தனியா ஒண்ணும் இல்ல.

பிசியோ_கோவை:
நடை மட்டும் போதாதுங்க. நாற்காலியில உட்கார்ந்து கை ஊனாம எழுந்திருங்க, பத்து தடவை. அப்புறம் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேரா நீட்டி, முட்டியை இறுக்கி அஞ்சு விநாடி பிடிங்க. பழகினதும் கணுக்கால்ல மணல் பை கட்டிக்கலாம். வலி கொஞ்சம் வந்தா பரவாயில்ல, மறுநாள் வரைக்கும் நீடிச்சா குறைச்சுக்கங்க. சாப்பாட்டுல புரதம், உடம்பு எடையில கிலோவுக்கு ஒரு கிராம்ங்கற கணக்குல, தினமும் குறையக் கூடாது. உங்களுக்கு 70 கிராம். ஒரு முட்டையில 6 கிராம், 100 கிராம் பனீர்ல 18 பக்கம் வரும், கணக்குப் போட்டுக்கங்க.

ரொறொன்ரோ_மாமா:
என்ர அனுபவத்தையும் கேளுங்கோ. வயது 56. சோத்தை விட்டுட்டு இறைச்சியும் முட்டையும் எண்டு இறங்கினன். எடை குறைஞ்சது உண்மைதான், பொய் சொல்லேல்ல. ஆனா முதல் மாதத்துக்குள்ளேயே ஒருநாள் விடியப்புறம் கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போற நோ. கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில படியிற வாதம் எண்டு சொல்லிச்சினம். தொடக்கத்தில கீட்டோன் கூடேக்க சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேத்துறது குறைஞ்சு போகுமாம். எனக்கு முதலே யூரிக் அமிலம் கூட இருந்திருக்கு, பாக்காமல் தொடங்கிட்டன். மூட்டுநோ எண்டு எல்லாத்தையும் ஒரே கூடைக்குள்ள போடாதேங்கோ.

எண்ணெய்ச்செக்கு:
மாமா, அது ஆரம்பக் கோளாறுதான். உடம்பு பழகினதும் யூரிக் அமிலம் இறங்கிடும். நீங்க விட்டிருக்கக் கூடாது.

ரொறொன்ரோ_மாமா:
அந்தக் காலைத் தூக்கி உங்கட வீட்டுக்கு அனுப்பியிருந்தா தெரிஞ்சிருக்கும் தம்பி.

கீரைக்கட்டு:
எனக்கு முடக்குவாதம். அதுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுத்துக்கிறேன். சைவம், முட்டையும் கிடையாது. இந்த மாதிரி எழுதுறதையெல்லாம் படிச்சுட்டு என் நாத்தனார் "மாத்திரையை நிறுத்திட்டு கீட்டோ இரு"ன்னு தினமும் சொல்றாங்க. எனக்கு ஒத்துக்குமா?

எண்ணெய்ச்செக்கு:
பனீர், தேங்காய், பாதாம், காலிஃபிளவர் சோறுன்னு சைவத்திலேயே தாராளமா இருக்கலாம். அழற்சிதானே மூலம். மூணு மாசம் இருந்து பாருங்க, மாத்திரை தானா குறையும்.

பிசியோ_கோவை:
சகோதரி, மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீங்க. முடக்குவாதமும் தேய்மானமும் வேற வேற நோய்ங்க. முடக்குவாதத்துல உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குது. மருந்து இல்லாம விட்டா மூட்டு அரிச்சுப்போகும். அரிச்சது எந்தச் சாப்பாட்டுலயும் திரும்பாதுங்க. உணவை மாத்தறதா இருந்தா உங்க வாதநோய் மருத்துவர்கிட்ட கேட்டுட்டு, மருந்தோட சேர்த்து மாத்துங்க.

சோத்துமூட்டை:
கீரைக்கட்டு, உங்க நாத்தனாருக்குச் சொல்ல இன்னொண்ணு. முடக்குவாதத்துக்கு உணவை வெச்சு செஞ்ச பேர்பெற்ற ஆய்வு நார்வேயில நடந்தது, 1991ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. 53 பேர்ல ஒரு பாதியை முதல்ல சில நாள் உபவாசம் இருக்க வெச்சு, அப்புறம் சுத்த சைவம், பிறகு பால் சேர்த்த சைவம்னு ஒரு வருஷம் கொண்டுபோனாங்க. அவங்களுக்கு வலியும் வீக்கமும் நல்லாவே குறைஞ்சது. கறி இல்ல, மீன் இல்ல. முதல் சில மாசம் கோதுமை மாதிரி குளூட்டன் உள்ள தானியம் இல்லதான், ஆனா அது கீட்டோ இல்ல. எண்ணெய்ச்செக்கு சொல்ற மாதிரி மாவுச்சத்தைக் குறைச்சாத்தான் அழற்சி அடங்கும்னா, அது எப்படி நடந்தது?

எண்ணெய்ச்செக்கு:
உபவாசத்துலயும் கீட்டோன்தான் சார் வருது.

சோத்துமூட்டை:
பத்து நாள் உபவாசக் கீட்டோன் ஒரு வருஷம் தாங்குமா? சரி, அதை விடுங்க. மேல "மாத்திரை தானா குறையும்"னு எழுதினீங்களே, அதைத் திரும்ப எடுத்துக்கங்க. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுக்கிறவங்க நிறையப் பேர் இதைப் படிக்கிறாங்க. அந்த மாத்திரையோட கீட்டோ இருந்தா ரத்தச் சர்க்கரை சாதாரணமா இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் எக்கச்சக்கமா ஏறி ரத்தம் அமிலமாகுற ஆபத்து வரலாம். குளுக்கோமீட்டர்ல ஒண்ணும் தெரியாது. வாந்தி, மூச்சிரைப்புன்னு நேரா தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போகணும். கிளிமிபிரைடு எடுக்கிறவங்களுக்கு இன்னொரு பக்கம், சர்க்கரை மளமளன்னு கீழ போகும்.

எண்ணெய்ச்செக்கு:
சர்க்கரை மாத்திரைக்காரங்க மருத்துவரோட பேசி அளவை மாத்திக்கிட்டுதான் ஆரம்பிக்கணும், அதுல எனக்கு மறுப்பு இல்ல. ரத்த அழுத்த மாத்திரைக்கும் அதே. ஆனா உங்க சோத்துக் கட்சிக்கு ஒரு கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க எடுத்த ஆய்வுல நம்மாளுக்குக் கிடைக்கிற சக்தியில 62 சதவீதம் மாவுச்சத்துன்னு வந்திருக்கே, அது சரியா? கேழ்வரகு, சிறுதானியம்னு மாறிக்கிட்டா போதும்ங்கறாங்க. 100 கிராம் அரிசியில 78 கிராம் மாவுன்னா கேழ்வரகுல 67. பெரிய விடுதலைதான்!

சோத்துமூட்டை:
62 அதிகம்தான். இதுல உங்களோட சண்டை இல்ல. 62லிருந்து 50க்கு இறங்கச் சொல்லுங்க, நானே கையெழுத்துப் போடுறேன். ஏன் 5க்கு இறக்கணும்? அதைத்தான் கேக்கறேன்.

வைகைக்கரை:
நான் கேட்டது ஒண்ணு, இங்க ஓடுறது ஒண்ணு. இருக்கட்டும், நிறையத் தெரிஞ்சுக்கிட்டேன். இன்னொரு விஷயம் சொல்றேன், ரெண்டு கட்சியும் பதில் சொல்லுங்க. போன வாரம் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். மூணு மாசச் சர்க்கரை சராசரி (எச்.பி.ஏ.1சி) 6.1லிருந்து 5.5 ஆயிருக்கு, டிரைகிளிசரைடும் பாதியா இறங்கியிருக்கு. ஆனா கெட்ட கொழுப்புன்னு சொல்ற எல்.டி.எல். 128 இருந்தது இப்ப 176.

எண்ணெய்ச்செக்கு:
டிரைகிளிசரைடு இறங்கியாச்சா, நல்ல கொழுப்பு ஏறியாச்சா, அதுதான் முக்கியம். எல்.டி.எல். பூச்சாண்டிக்குப் பயப்படாதீங்க. எல்.டி.எல்.லயே பெரிய துகள், சின்ன துகள்னு இருக்கு.

பிசியோ_கோவை:
பூச்சாண்டி இல்லைங்க. எல்.டி.எல். ஏறினா மாரடைப்பு ஆபத்து ஏறும், அதுல இதய மருத்துவர்களுக்குள்ள பெரிய தகராறு இல்லைங்க. மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே கூடுற காலம் வேற. முட்டி நல்லாயிருச்சுன்னு இதயத்தை விட்டுற முடியாது. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் எவ்வளவு போகுதுன்னு பாருங்க. அதுல பாதியை எடுத்துட்டு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மத்தி, அயிலைன்னு மாத்திட்டு மூணு மாசத்துல திரும்பப் பாருங்க. மருத்துவர்கிட்டயும் காட்டுங்க.

வைகைக்கரை:
காலையில வெண்ணெய் போட்ட டீ ஒரு பெரிய டம்ளர் போகுது. யாரும் கேக்கலையேன்னு இருந்தேன்.

சோத்துமூட்டை:
அதை முதல்ல நிறுத்துங்க. உங்க சந்தேகத்துக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு அக்கா. சாப்பாடா எடையான்னு தெரியணும்னா ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். மதியம் ஒரு கப் சோறு சேருங்க, அதுக்கு ஈடா பாதாமைப் பாதியாக்குங்க. நூறு பாதாம்ல 700 கலோரி பக்கம் இருக்கு, அதனால எடை அதே 70ல நிக்கும். முதல் வாரம் முள் ஒண்ணரை கிலோ ஏறும், அது தண்ணி, பயப்பட வேண்டாம். எடை மாறாம விறைப்பு மட்டும் திரும்பி வந்தா எண்ணெய்ச்செக்கு ஜெயிச்சாரு. வரலைன்னா நானும் உங்க வீட்டுக்காரரும்.

எண்ணெய்ச்செக்கு:
வலி இல்லாம நடக்கிறவங்களை எலியாக்கப் பார்க்கிறாரு. அதுவும் சோறு திங்கிறோம்னு தெரிஞ்சே தின்னா, உங்க கணக்குப்படி அந்த "மனசு" இந்தப் பக்கமும் வேலை செய்யாதா?

பிசியோ_கோவை:
இது நியாயமான கேள்விங்க.

சோத்துமூட்டை:
நியாயம்தான். சோத்தை மறைச்சு ஊட்ட முடியாது.

வைகைக்கரை:
சோதனை எல்லாம் இப்ப வேண்டாம்ப்பா. பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை நெருங்குது, இந்த நேரத்துல முட்டி விறைச்சா என்னால நிக்க முடியாது. ஒருத்தருக்கும் வெற்றி தர்றதா இல்ல. வெண்ணெய் டீயை நாளையிலிருந்து நிறுத்துறேன், நாற்காலிப் பயிற்சியை இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. ஆறு தடவைதான் முடிஞ்சது தம்பி, தொடை நடுங்குது.

பிசியோ_கோவை:
ஆறே போதுங்க இப்போதைக்கு. நாற்காலியைச் சுவத்தோட ஒட்டிப் போடுங்க, வழுக்கிரும்.