பாவசங்கீர்த்தனம்: மறந்ததும் மறைத்ததும் ஒன்றல்ல

பாவசங்கீர்த்தனம் என்பது கத்தோலிக்கர் தம் பாவங்களைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் திருவருட்சாதனம். அதற்கான தொட்டிக்கு (குரு அமர்ந்து கேட்கும் இடம்) வருபவர்கள் அதிகம் தடுமாறுவது "எவ்வளவு சொல்ல வேண்டும்?" என்ற இடத்தில்தான். 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 988ஆம் எண் (கீழே வரும் எண்களும் அதனுடையவையே) இதைத் தெளிவாகவே சொல்கிறது: நன்றாக ஆத்தும சோதனை செய்து, திருமுழுக்குக்குப் பின் செய்த, இன்னும் அறிக்கையிடாத சாவான பாவங்கள் (தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவங்கள்) அனைத்தையும் வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும். அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது, கட்டாயமில்லை.

வகை என்றால் கதை அல்ல. சத்தியம் செய்து பொய்சாட்சி சொன்னவர் வெறுமனே "பொய் சொன்னேன்" என்றால் போதாது, அது வேறு பாவம். ஆனால் எந்த ஊர், யார் தூண்டியது என்றெல்லாம் விரிக்க வேண்டாம். உடன் பாவம் செய்தவரின் பெயரைக் குருவானவர் விசாரிக்கக் கூடாது என்று 979ஆம் எண்ணே தடுக்கிறது. எண்ணிக்கை சரியாக நினைவில்லையா? "ஏறக்குறைய ஓராண்டாக, வாரத்துக்கு ஒருமுறை" என்றால் போதும்.

பலர் ஆண்டுக்கணக்கில் வீணாகத் தவிப்பது மறதியை நினைத்துத்தான். நேர்மையாக எல்லாம் சொல்ல வந்து ஒரு சாவான பாவம் விட்டுப்போனால், அதுவும் மன்னிக்கப்பட்டுவிட்டது. அடுத்த முறை சொன்னால் போதும். அதுவரை நற்கருணை (திருப்பலியில் பெறும் இயேசுவின் திருவுடல்) வாங்கத் தடையில்லை. வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தால் கதை வேறு. அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. அன்று சொன்ன சாவான பாவங்களையும், அதற்குப் பின் செய்தவற்றையும், மறைத்ததையும், அந்த நிலையில் நற்கருணை வாங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயப்படத் தேவையில்லை. "முன்பு ஒன்றை மறைத்துவிட்டேன் சாமி" என்று தொடங்கினால் மீதியைக் குருவானவர் கேட்டு உதவுவார்.

*

மேலே சொன்னதோடு பரிகாரத்தையும், அதாவது பாவத்துக்கு ஈடாகக் குருவானவர் செய்யச் சொல்லும் செபம் அல்லது நற்செயலையும், சேர்க்க வேண்டும். கொடுத்த பரிகாரத்தை நாமேதான் செய்ய வேண்டும், நமக்காக வேறொருவர் செய்ய முடியாது (981). செய்ய இயலாத ஒன்றைக் கொடுத்தால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. மனதார ஏற்றுக்கொண்டு பிறகு மறந்துபோனால் பாவமன்னிப்பு ரத்தாகிவிடாது. நினைவு வந்ததும் செய்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்ற கட்டளை 1215இல் திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. இன்றைய 989ஆம் எண் சாவான பாவங்களுக்கே அந்தக் கடமையை வைக்கிறது. ஆனால் சாவான பாவத்தோடு நற்கருணை வாங்க நினைப்பவர் ஆண்டுக் கணக்குப் பார்க்க முடியாது. முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். 916ஆம் எண் தரும் விலக்குக்கு இரண்டும் ஒருசேர இருக்க வேண்டும்: கனமான காரணம், பாவசங்கீர்த்தனம் செய்ய வாய்ப்பின்மை. அப்போதும் உத்தம மனஸ்தாபப்பட வேண்டும், அதாவது கடவுள்மேல் உள்ள அன்பினால் பாவத்துக்காக வருந்த வேண்டும். கூடிய விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதி அதற்குள்ளேயே அடங்கியது. எல்லோரும் நற்கருணைக்கு எழுந்து போகிறார்கள் என்பது காரணமாகாது.

பொதுப் பாவமன்னிப்பு பற்றியும் குழப்பம் உண்டு. தவக்காலத்தில் எல்லோரும் கூடிச் செபித்துவிட்டு ஒவ்வொருவராகச் சொல்வது வழக்கமான முறைதான். தனியாகச் சொல்லாமலே கூட்டத்துக்கு மொத்தமாக மன்னிப்பு வழங்குவதற்கு மரண ஆபத்தோ கடுமையான தேவையோ வேண்டும். திருவிழாக் கூட்டம் மட்டும் அந்தத் தேவை ஆகாது (961). அப்படி மன்னிப்புப் பெற்றாலும் சாவான பாவங்களை வாய்ப்புக் கிடைத்ததும் தனியாகச் சொல்ல வேண்டும்.

*

வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சி வராமல் இருப்பவர்களுக்காக இது. பாவசங்கீர்த்தன இரகசியம் மீற முடியாதது (983). நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை விலக்குக்கு உள்ளாகிறார். அதை நீக்குவது திருப்பீடத்துக்கே (திருத்தந்தையின் ஆட்சிபீடம்) ஒதுக்கப்பட்டது. கேட்டதை வெளியே சொல்லாவிட்டாலும், உங்களுக்குப் பாதகமாக அதைப் பயன்படுத்தவும் அவருக்கு அனுமதி இல்லை (984). மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லலாம், அவரும் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பேசியதைக் கருவியில் பதிவு செய்வதும் தண்டனைக்குரிய குற்றம் (1386). செல்போனை அணைத்துவிட்டுப் போங்கள்.

பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரிடம்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும், வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவிடமும்கூடப் போகலாம் (991). மரண ஆபத்திலோ அந்த அதிகாரம் இல்லாத குருவும் மன்னிப்பு வழங்க முடியும் (976). அதனால் நோயாளிக்குக் கடுமையானால், உரியவர் வரட்டும் என்று காத்திருக்காமல் அருகில் இருக்கும் குருவை உடனே அழையுங்கள்.