மாசெட்டர் என்னும் மெல்லும் தசைக்குள் ரத்தநாளக் கட்டி: பயாப்ஸி அவசியமா?

இஎன்டி பிஜி (காது-மூக்கு-தொண்டை முதுநிலை மாணவர்):
நோயாளிக்கு வயது 24. வலது கன்னத்தில் 3 செ.மீ. வீக்கம், 2 வருடமாக மெல்ல வளர்கிறது. பல்லைக் கடித்தால் கெட்டியாகிறது, துடிப்பு இல்லை. பரோட்டிட் (காதோர உமிழ்நீர்ச் சுரப்பி) கட்டி என்று எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியில் உறிஞ்சிப் பார்த்தல்) எடுத்ததில் வெறும் ரத்தம். எம்ஆர்ஐ டி2 படத்தில் (திரவம் வெள்ளையாகத் தெரியும் வகை) பளீர் வெள்ளை, முழுக்க மாசெட்டருக்குள். பயாப்ஸி எடுத்துவிட்டுத்தான் அறுவையா? எம்போலைசேஷன் (கட்டிக்கு ரத்தம் தரும் நாளத்தை முன்பே அடைப்பது) கட்டாயமா?

ரேடியாலஜி:
வெறும் ரத்தம் வந்ததே பாதி விடை. ஒரு நிமிடம் தலையைக் குனிய வைத்துப் பாருங்கள்; வீக்கம் பெருத்தால் சிரை வகை. டி2 வெள்ளையை மட்டும் நம்ப வேண்டாம். டி1 படத்தில் (கொழுப்பு வெள்ளையாகத் தெரியும் வகை) கட்டிக்கு இடையே கொழுப்புக் கோடுகள் உண்டா? சிடியில் உருண்டைக் கற்கள் உண்டா? இந்த ஃப்ளெபோலித்தை (சிரைக்குள் ரத்தம் உறைந்து உண்டாகும் கல்) உமிழ்நீர்க் கல் என்று ரிப்போர்ட் எழுதுவது சகஜம். உமிழ்நீர்க் கல் குழாயோடு ஒட்டி இருக்கும்; இது தசைக்குள், பெரும்பாலும் பல. கொழுப்பும் கல்லும் இல்லாமல் வேகமாக வளர்ந்தால் சார்கோமாவை (தசை போன்ற திசுக்களின் புற்றுநோய்) நினையுங்கள். அப்போது மட்டும் டாப்ளரில் (ரத்த ஓட்டம் காட்டும் ஸ்கேன்) பார்த்தபடி கோர் பயாப்ஸி (தடித்த ஊசியில் சதைத் துண்டு எடுப்பது).

தலை-கழுத்து அறுவை:
எம்ஆர்ஐ-யில் கறுப்புப் புழுக்களாக நாளங்கள் தெரிந்தால் வேக ஓட்டம்; ஆஞ்சியோவும் (நாளங்களில் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) எம்போலைசேஷனும் அதற்குத்தான். அடைத்த 24–72 மணி நேரத்துக்குள் அறுவை. தள்ளிப்போட்டால் பக்கவழி நாளங்கள் திறந்துகொள்ளும், செய்தது வீண். மெதுவான ஓட்டத்துக்குத் தேவையில்லை.

பரோட்டிடெக்டமிக்கு (பரோட்டிட் சுரப்பியை அகற்றும் அறுவை) போடும் அதே கீறல். முதலில் முக நரம்பின் தண்டைத் தேடிப் பிடித்து, மாசெட்டர் மேல் ஓடும் கிளைகளைத் தூக்கி ஒதுக்குங்கள். தசைத் துடிப்பை வைத்து நரம்பைக் காட்டும் மானிட்டர் வைப்பதால், நீண்ட நேரம் நிற்கும் தசைத் தளர்த்தி வேண்டாமென்று மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டிக்கு உறை கிடையாது. நுங்கைத் தோண்டுவதுபோல் எடுக்கப் பார்த்தால் ரத்தம் பொங்கும், மிச்சமும் தங்கும். சுற்றி நல்ல தசையோடு சேர்த்து வெட்டுங்கள்.

இஎன்டி பிஜி:
எவ்வளவு தசை? நரம்புப் பக்கம் இடமே இல்லையே.

தலை-கழுத்து அறுவை:
மற்ற பக்கங்களில் சுமார் 1 செ.மீ. கிடைத்தால் நல்லது. நரம்பை ஒட்டிய இடத்தில் அந்த நல்ல தசை விளிம்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாதுவான கட்டிக்காக நரம்பை வெட்டக் கூடாது. ஆலன்–என்சிங்கர் என்ற ஆய்வாளர்களின் 1972 தொகுப்பில், அறுவைக்குப் பின் கட்டி திரும்ப வந்தது கேப்பில்லரி (நுண்நாள) வகையில் 20%, கேவர்னஸில் (அகன்ற நாள வகை) 9%, கலப்பில் 28%. ஆகவே பத்தாலஜியில் வகையைக் கேட்டு வாங்குங்கள். சக்ஷன் டிரெய்ன் (தேங்கும் ரத்தத்தை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்) கண்டிப்பாக. வலி அடங்கியதும் வாய் திறக்கும் பயிற்சி. விட்டால் தழும்பு இறுகித் தாடை பூட்டிக்கொள்ளும். கன்னம் குழியும் என்பதை நோயாளியிடம் அறுவைக்கு முன்பே சொல்லுங்கள்.