ராமேசுவரத்துக் கடலடிப் பாறையில் பார்த்த மூன்று மீன்களின் ஊர்ப் பெயர்கள்

கடல்நாடி:
சென்ற மாதம் ராமேசுவரத்தில், பாக் விரிகுடாப் பக்கம், ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் முதன்முறையாக ஸ்கூபா முக்குளித்தேன். பாறையைக் கொறித்துக்கொண்டிருந்த பச்சையும் நீலமும் கலந்த மீன் ஒன்றையும், மோவாயின் கீழிருந்த இரண்டு மீசைகளால் மணலைக் கிளறிய மீன் ஒன்றையும், பாசியை மேய்ந்தபடி கூட்டமாக நகர்ந்த புள்ளியிட்ட தட்டை மீன்களையும் கண்டேன். படகோட்டி முதல் மீனைக் கிளிமீன் என்றார். கொச்சியில் வளர்ந்த என் மனைவியோ, கிளிமீன் என்பது சந்தையில் விற்கும் இளஞ்சிவப்பு மீன் என்கிறார். எது சரி? மற்ற இரண்டின் பெயர்களையும் அறிய விரும்புகிறேன்.

மண்டபம்வாசி:
இருவர் சொல்வதும் சரியே. கேரளத்தில் கிளிமீன் எனப்படுவது நாம் சங்கரா என்று வாங்கும் மீன். அது மணலும் சேறுமான அடித்தரையில் வாழ்ந்து இழுவை வலையில் அகப்படுவது. நீங்கள் பார்த்தது பற்கள் ஒன்றோடொன்று இணைந்து கிளியின் அலகாகவே மாறிவிட்ட பாறை மீன். அது வாலை அதிகம் அசைக்காமல், பக்கத் துடுப்புகளைத் துடுப்புப் போட்டு வலிப்பதுபோல் வீசி நீந்தும். அமைதியாக இருந்தால் அது பாறையைக் கடிக்கும் ஓசைகூட நமக்குக் கேட்கும். மீசை மீன் நகரை; சில கரைகளில் நவரை என்பார்கள். மேய்ந்த கூட்டம் பெரும்பாலும் ஓராவாக இருக்கும். அதன் துடுப்பு முட்களில் நஞ்சு உண்டு என்பதால், எங்கள் வீட்டில் கத்தரியால் முட்களை நறுக்கிய பிறகே அம்மா அதைக் கழுவுவார்.

முத்துநகர்:
ஓரா முள் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்று, நிறத்தை நம்பிப் பெயர் சூட்டாதீர்கள். சில மீட்டர் ஆழத்திலேயே நீர் சிவப்பொளியை விழுங்கிவிடுவதால் செந்நிற மீனும் சாம்பலாகத் தெரியும். கிளிமீனிலோ பல இனங்களில் மங்கிய பழுப்பு நிறப் பெண் மீனே பின்னர் ஆணாக மாறிப் பச்சையும் நீலமுமாக ஒளிரும். ஆகவே முதலில் வாயையும், அடுத்துத் துடுப்பையும், அதன்பின் அது என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள்.

கடல்நாடி:
மிக்க நன்றி. அன்று நீருக்கடியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை மீனுக்குப் பக்கத்தில், வேறு இனம் என்று நான் குறித்து வைத்திருந்த பழுப்பு மீனுக்கும் அதே அலகு இருக்கிறது.